பதினோரு செகண்ட்

அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி. உங்க ரகசியத்தைப் பாக்கறதுக்கு இல்லீங்க. சேலம் தாண்டினதுல இருந்து பாத்துட்டே வர்றேன், நீங்க தட்டத் தட்ட எழுத்து கலர் மாறுது. இப்ப ஒரு அடைப்புக்குறியைத் திறந்துட்டு, மூடாம டீ வாங்கத் திரும்பினீங்களே, அப்பவும் கீழ இருக்கற வரியெல்லாம் கலரோட அப்படியே நின்னுச்சு. அது எப்படி நிக்குதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

யோசிச்சிருக்க மாட்டீங்க. யாரும் யோசிக்கறதில்ல. ரயில் எப்படியும் சிக்னல்லதான் நிக்குது, நான் சொல்றேன் கேளுங்க. அந்தக் கலரால பொழப்புப் போனவன் நான்.

எம்பேரு திருமூர்த்தி. கோயமுத்தூர் சரவணம்பட்டியில ஒரு சின்னக் கம்பெனி, பதினாலு பேரு. லேத் பட்டறைக்காரங்களுக்கு எடிட்டர் செஞ்சு குடுக்கற கம்பெனி. இப்பல்லாம் லேத்து கம்ப்யூட்டர் சொல்றபடிதானே ஓடுது. உளி எங்க போகணும், எவ்வளவு ஆழம் வெட்டணும்னு வரி வரியா ப்ரோக்ராம் எழுதணும். அதை எழுதற எடிட்டர்தான் எங்க சரக்கு. அந்த எடிட்டருக்குள்ள பார்சர்னு ஒண்ணு இருக்கும். எழுதினதைப் படிச்சு, இது கட்டளை, இது நம்பர், இது வெறும் குறிப்புன்னு பிரிச்சு அடுக்கி வெக்கறது அதோட வேலை. அந்த அடுக்கை வெச்சுத்தான் கலர் வரும், உளி போற பாதை படமாவும் பக்கத்துல வரும்.

அந்தப் பார்சரை எழுதினது நான். ஒத்தை ஆளு. ஆறு வருஷம் எட்டு மாசம். இதை மனசுல வெச்சுக்கங்க தம்பி, ஆறு வருஷம் எட்டு மாசம்.

எம்பட பார்சருக்கு ஒரு கொள்கை உண்டு. மேல இருந்து கீழ படிச்சுட்டே வரும். ஒரு இடத்துல தப்பு இருந்தா அங்கயே நின்னுக்கும். அதுக்குக் கீழ எல்லாம் சாம்பல் கலர். ஏன் நிக்கணும்னு கேக்கறீங்களா? தப்பு பண்ணினவன் அடுத்த வரியைச் சரியா எழுதியிருப்பான்னு என்ன நிச்சயம்? ஒருத்தன் பேச ஆரம்பிக்கறப்பவே பொய் சொன்னா மிச்சத்தை உக்காந்து கேப்பீங்களா? நான் கேக்க மாட்டேன். எங்க அக்கா மக கல்யாணத்துக்குக்கூட நான் போகல. பத்திரிகையைப் பிரிச்சா முதல் பக்கத்துலயே வெள்ளிக்கிழமைக்குப் பதிலா வியாழக்கிழமைன்னு போட்டிருக்காங்க. மூடி வெச்சுட்டேன். மூணாம் பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தியிருந்தாங்களாம். நான் மூணாம் பக்கம் வரைக்கும் போகலீங்க.

அப்புறம் இன்னொண்ணு. ஒரு எழுத்தை மாத்தினாலும் எம்பட பார்சர் முதல் வரியில இருந்து மறுபடியும் படிக்கும். அச்சு வெட்டற ப்ரோக்ராம் எல்லாம் ரெண்டு லட்சம், மூணு லட்சம் வரி வரும். ஒரு எழுத்து தட்டினா ரெண்டு செகண்ட் நிக்கும். நிக்கட்டுமே. அந்த ரெண்டு செகண்ட்ல தான் அடிச்சது சரியான்னு யோசிக்கலாம்ல.

பட்டறைக்காரங்களுக்கு அது பிடிக்கல. எம்பட பார்சருக்கு ஹெட்மாஸ்டர்னு பேரு வெச்சிருந்தாங்க. கணபதியில காளியப்பன்னு ஒருத்தர், நாலு மெஷின் வெச்சிருக்கார், பழைய கஸ்டமர். அவர் ஒருநாள் எங்கிட்டயே கேட்டார்.

"திருமூர்த்தி சார், நான் இன்னும் எழுதியே முடிக்கலீங்க. அதுக்குள்ள இது ஏனுங்க கோவிச்சுக்குது?"

நான் சொன்னேன், எழுதத் தெரிஞ்சவன்கிட்ட அது கோவிச்சுக்காதுன்னு. அவர் சிரிச்சார். அவர் சிரிச்சதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்.

இப்படி நல்லாப் போயிட்டு இருந்தப்பத்தான் அந்த ஜெசிந்தா வந்து சேர்ந்தா. தூத்துக்குடிப் பக்கம். ரெண்டு வருஷ அனுபவம். ரெண்டே ரெண்டு வருஷம் தம்பி. வந்த மூணாம் மாசம் முதலாளி குழந்தைவேலு ரூம்ல உக்காந்து படம் போட்டுக் காட்டறா. உலகம் பூரா இதுக்குன்னு லைப்ரரி, அதான் யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் கோடு, இருக்காம், இலவசமா. ஒருக்கா முழுசாப் படிச்சு அடுக்கை ஞாபகத்துல வெச்சுக்குமாம். அப்புறம் நீங்க எங்க கை வெச்சீங்களோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்குமாம், மிச்சத்தைப் பழைய அடுக்குல இருந்து எடுத்துக்குமாம். தப்பு வந்தா அந்த இடத்துல ஒரு அடையாளம் வெச்சுட்டு, தாண்டிப் போய் அடுத்ததைப் படிக்குமாம். எல்லாமே எனக்குத் தெரிஞ்ச சங்கதிதானுங்க. தெரிஞ்சு வேண்டாம்னு வெச்சிருந்தேன்.

தாண்டிப் போறதா? தப்பைப் பாத்துட்டுத் தாண்டிப் போறவனுக்கு என்ன பேருன்னு நான் முதலாளிகிட்டயே கேட்டேன். அவர் அந்தப் புள்ளை பக்கம் திரும்பி, எத்தனை நாள்ல முடிக்கலாம்னு கேட்டார். ஆறு வருஷம் எட்டு மாசம் வேலை செஞ்சவன் எதுத்தாப்புல நிக்கறேன், அவகிட்ட நாள் கேக்கறார். அன்னைக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல.

அவளுக்கு நான் என்ன ஒத்தாசை பண்ணினேன்னு கேளுங்க. லைப்ரரிக்கு நம்ம பட்டறை பாஷையோட விதிகளை எழுதிக் குடுக்கணும். எழுதினது சரியான்னு சோதிக்க ப்ரோக்ராம் வேணும். எங்கிட்ட ரெண்டாயிரத்து நூத்து நாப்பது ப்ரோக்ராம் இருந்துச்சு. கணபதி, குறிச்சி, பீளமேடுன்னு பட்டறை பட்டறையா பைக்ல போய் பென் டிரைவ்ல வாங்கிட்டு வந்தது. எண்பத்தெட்டாம் வருஷத்து மெஷின்கூட அதுல இருக்கு. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு கிறுக்கு. ஒண்ணு புள்ளி வெக்காத நம்பரை ஆயிரத்துல ஒரு பங்கா எடுத்துக்கும், இன்னொண்ணு அப்படி எடுக்காது. எந்த மெஷினுக்கு எந்தக் கிறுக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் மேல நாலு வரி எழுதி வெச்சிருந்தேன். அந்தப் புள்ளை கேட்டா, தூக்கிக் குடுத்துட்டேன். அது என்ன பெரிய சமாச்சாரம், பழைய குப்பை. வேலையை விட்டு வர்றப்ப அதை எடுத்துட்டுக்கூட வரலீங்க. எம்பட பார்சரை மட்டும் காப்பி எடுத்துக்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எனக்குன்னு ஒரு துண்டு வேலை குடுத்தாங்க. எடிட்டருக்கும் லைப்ரரிக்கும் நடுவுல ஒரு பாலம். நீங்க ஒரு எழுத்து தட்டினதும், இத்தனாவது இடத்துல இருந்து இத்தனாவது இடம் வரைக்கும் மாறிருச்சுன்னு லைப்ரரிக்குச் சொல்லணும். அதை வெச்சுத்தான் அது எங்க திரும்பப் படிக்கறதுன்னு முடிவு பண்ணும். அரை நாள் வேலை. எழுதிக் குடுத்துட்டேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சுப் பாத்து குறிப்பு எழுதணும். எழுதினவர் குறிப்பைப் படிச்சுட்டு, திருத்தினேன்னோ வேண்டாம்னோ சொல்லி மூடணும். நான் எழுதினதை யாருக்குக் குடுத்தாங்க தெரியுமா? அவளுக்கு. ரெண்டு வருஷ அனுபவம், அவ எம்பட வேலையைத் திருத்தறா. நீளமா ஒரு குறிப்பு எழுதியிருந்தா. முதல் வரி எப்படி ஆரம்பிக்குது? "சார், 212ஆவது வரியில்" அப்படின்னு. நான் பாத்தேன். 212ல ஒண்ணுமே இல்ல, வெத்து வரி. அவ சொல்ல வந்தது 221. எந்த வரின்னே சரியாப் பாக்கத் தெரியாதவ எனக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறா? மூடிட்டேன்.

அப்புறம் டெமோ. காளியப்பன் பட்டறையில. முதலாளி, அந்தப் புள்ளை, நான், மூணு பேரும் போனோம். காளியப்பன் புது எடிட்டர்ல ப்ரோக்ராமைத் திறந்தார். மூணு லட்சம் வரி, கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள கலர் வந்துருச்சு. தட்டறார், நிக்கவே இல்ல. பாதி எழுதிட்டு விடறார், சாம்பல் ஆகல. மனுஷன் சின்னக் குழந்தையாட்டம் தட்டித் தட்டிப் பாக்கறார். "அட, இது பேச விடுதுங்க" அப்படின்னார். முதலாளி முகத்தைப் பாக்கணுமே. எனக்கு அந்த இடத்துல நிக்கவே பிடிக்கல.

காளியப்பன் எப்பவும் ப்ரோக்ராம் மேல தமிழ்ல குறிப்பு எழுதி வெப்பார், பட்டறை ஆளுங்களுக்குப் புரியணும்னு. 'இங்க மெதுவாப் போகணும்', 'தண்ணி ஊத்த மறக்காத', இப்படி ஏழெட்டு வரி. அதுக்குக் கீழ ஓரிடத்துல ஆழம் ரெண்டுன்னு இருந்துச்சு. அதை ஒண்ணு புள்ளி ரெண்டு ஆக்கணும்னு நினைச்சு, புள்ளியை விட்டுட்டு பன்னெண்டுன்னு அடிச்சுட்டார். படம் மாறியிருக்கணும். உளி போய் இரும்புக்குள்ள முட்டற மாதிரி சிவப்பாக் காட்டியிருக்கணும். காட்டல. பழைய படமே பச்சையா நிக்குது. அவர் படத்தை நம்பி பட்டனை அமுத்திட்டார்.

ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க. உளி ரெண்டு துண்டு. இரும்பைப் பிடிச்சிட்டு இருந்த தாடை நசுங்கிப் போச்சு. கதவு மூடியிருந்ததால யாருக்கும் ஒண்ணும் ஆகல. காளியப்பன் ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். நான் முதலாளி காதுல சொன்னேன், இலவச லைப்ரரி, இவ்வளவுதான் வரும்னு. சந்தோஷமாத்தான் சொன்னேன். பொய் சொல்றதுக்கு இந்த வயசுல எனக்கு என்ன இருக்கு?

அந்தப் புள்ளை லைப்ரரிக்காக வாதாடல. காளியப்பன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, உடைஞ்ச துண்டைப் பொறுக்கி ஒரு துணியில மடிச்சு எடுத்துக்கிட்டா. அவ்வளவுதான். குத்தம் இருக்கறவதானே வாதாடாம இருப்பான்னு நான் நினைச்சேன்.

மறுநாள் முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் திரையில அந்தப் பழைய குறிப்பு. அவ காட்டலயாம், அவரே தேடி எடுத்தாராம். அந்த லைப்ரரி இடத்தை எழுத்துக் கணக்குல எண்ணாதாம், பைட் கணக்குலதான் எண்ணுமாம். ஆங்கிலத்துல ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதனால ரெண்டும் ஒண்ணுதான். தமிழ்ல 'க'வுக்கே மூணு பைட், 'கு'வுக்கு ஆறு. நான் எழுத்தை எண்ணிச் சொல்லியிருக்கேன். மேல ஏழெட்டு வரி தமிழ் இருந்தா, நான் காட்டற இடம் உண்மையான இடத்துக்கு ரொம்ப மேல போயிரும். காளியப்பன் ஒரு இடத்துல மாத்தினார், எம்பட பாலம் வேற இடத்தைக் காட்டுச்சு. லைப்ரரி அங்க போய்ப் பாத்துட்டு, ஒண்ணும் மாறலன்னு பழைய அடுக்கையே வெச்சுக்கிச்சு. இதெல்லாம் அவ குறிப்புல ரெண்டாவது வரியில இருந்து எழுதியிருந்தாளாம். 'பட்டறையில தமிழ்க் குறிப்பு எழுதுவாங்க சார், ஆபத்து' அப்படின்னுகூட இருந்துச்சாம்.

முதலாளி கேட்டார்.

"குறிப்பு வந்து, நீங்க திறந்து, பதினோரு செகண்ட்ல மூடியிருக்கீங்க திருமூர்த்தி. பதினோரு செகண்ட்ல என்னத்தைப் படிச்சீங்க?"

"முதல் வரியைப் படிச்சேனுங்க. முதல் வரியிலயே தப்பு."

அவர் திரையை அணைச்சுட்டார். நானே பேப்பர் போட்டுட்டேன் தம்பி. யாரும் என்னை அனுப்பல. நான் போறேன்னு சொன்னேன், யாரும் இருங்கன்னு சொல்லல, அவ்வளவுதான் வித்தியாசம். இது ஜனவரியில. இப்ப ஜூன். இப்ப மூணாவது இண்டர்வியூவுக்குப் போயிட்டிருக்கேன். முதல் ரெண்டுலயும் அவிங்க கேட்ட முதல் கேள்வியே தப்பு, எந்திரிச்சு வந்துட்டேன்.

போகட்டும். எனக்கு வலிக்கறது அது இல்லீங்க. நீங்களே தேடிப் பாருங்க, நெட்டு வருதுல்ல? லேத் பாஷைக்கு அந்த விதிகளை ஏப்ரல்ல உலகத்துக்கே இலவசமா விட்டுட்டாங்க. தேடுங்க. ஆங், அதேதான். கீழ வாங்க. உருவாக்கியவர்கள்னு இருக்கா? எத்தனை பேரு? நாலு. படிங்க. ஜெசிந்தா கடைசியில இருக்கா, பாத்தீங்களா, அடக்கமாம். குழந்தைவேலு முதல்ல. அந்தாளுக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. எம்பேரு இருக்கா? நல்லாப் பாருங்க. இல்லல்ல?

ஒரு ஓரத்துல, பொடி எழுத்துல, நன்றின்னு ஒரு வரி போட்டிருந்தாக்கூட நான் செத்தாலும் பரவால்லன்னு இருந்திருப்பேன். எம்பையன் கேக்கறான், ஆறு வருஷம் என்னப்பா பண்ணினீங்கன்னு. எதைக் காட்டறது அவனுக்கு? உலகத்துல எவனோ ஒருத்தன் லேத் ப்ரோக்ராமைத் திறந்தா கலர் வருது. அதுல எம்பேரு இல்ல. வேணும்னே விட்டுட்டா. எம்பட எடத்தைப் பிடிச்சா, அப்புறம் பேரையும் அழிச்சா. அவளை மாதிரி ஒரு விஷத்தை நான் பாத்ததில்ல.

நாக்கு எவ்வளவு இனிப்பு தெரியுமா அவளுக்கு? பிப்ரவரி கடைசியில ஒரு மெயில் அனுப்பினா. இருங்க, காட்டறேன். நான் அழிக்கல. எதுக்கு வெச்சிருக்கேன்னா, நாலு பேருக்குக் காட்டறதுக்குத்தான். இந்தாங்க, போனைப் பிடிங்க. முதல் வரியைப் படிங்க. "சார், ஏழு வருஷமா நீங்க சேர்த்து வெச்ச" அப்படின்னு ஆரம்பிக்குதா? ஏழு வருஷம். அவகிட்ட நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஆறு வருஷம் எட்டு மாசம்னு. கூட வேலை பாத்தவன் எத்தனை வருஷம் பாத்தான்னு தெரியாதவ, அதுக்குக் கீழ என்ன எழுதிக் கிழிச்சிருக்கப் போறா?

இல்ல, அதுக்கு மேல நான் படிக்கல. எதுக்குப் படிக்கணும்?

நீங்க எதுக்குக் கீழ போறீங்க? வேண்டாம், குடுங்க இங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி, படிங்க. சத்தமாப் படிங்க, வண்டி கிளம்பிருச்சு, கேக்கல.

"அந்த ரெண்டாயிரத்து நூத்து நாப்பது ப்ரோக்ராமும், மேல நீங்க எழுதின குறிப்பும் இல்லேன்னா ஒரு விதிகூடச் சரியா வந்திருக்காது." அப்படியா எழுதியிருக்கா? அந்தக் குப்பையையா சொல்றா?

ம். மேல படிங்க.

"உங்க பேரை முதல்ல போடணும்னு முதலாளிகிட்ட சம்மதம் வாங்கிட்டேன்." முதல்லயா? திருப்பிப் படிங்க தம்பி. முதல்லன்னா இருக்கு?

"நீங்க வேலையை விட்டுட்டதால, பேர் போட உங்க சம்மதம் எழுத்துல வேணும்னு சொல்றாங்க. மார்ச் பன்னெண்டுக்குள்ள 'சரி'ன்னு ஒரு வார்த்தை பதில் போட்டாப் போதும் சார். பதில் வரலேன்னா உங்களுக்கு விருப்பமில்லன்னு எடுத்துக்குவாங்க. நான் காத்திட்டு இருப்பேன்."

மார்ச் பன்னெண்டு.

ஜூன் ஆயிருச்சே தம்பி.

போனைக் குடுங்க. இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம். அழலீங்க, ஜன்னல் காத்து. இப்ப இவளுக்கு 'சரி'ன்னு போட்டா போய்ச் சேருமா? சேரும்ல? சேர்ந்து என்ன ஆகப் போகுது, உலகத்துக்கே விட்டாச்சு.

ஆனா நீங்க சொல்லுங்க, நியாயமாச் சொல்லுங்க. ஏழு வருஷம்னு எழுதியிருக்காளா இல்லையா? அது தப்புத்தானே? ஆறு வருஷம் எட்டு மாசம் தம்பி. ஆறு வருஷம், எட்டு மாசம்.